நேற்றைய மீன்பாடு

தூத்துக்குடியில் படகு பேசுவதற்கு முன்னால் தெரேஸ்புரம் கரைக்கு ஒரு நடை போய் வாருங்கள். நகரத்தின் வடக்கு ஓரத்தில் நாட்டுப் படகுகள் கரையேறும் இடம் அது. விசைப்படகுகள் அடையும் மீன்பிடித் துறைமுகம் தனி. அங்கே மீன் குவியல் குவியலாகக் கிடக்கும், ஆனால் தூண்டில்காரருக்கு அதில் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. இழுவலை மணிக்கணக்கில் கடலடியை வாரி வருவதால், எந்த மீன் எங்கே பட்டது என்று இழுத்தவருக்கே தெரியாது. வள்ளத்தில் வருவது குறைவு. அந்தக் குறைவான மீன் ஒவ்வொன்றும் எத்தனை பாகம் ஆழத்தில், எந்த இரைக்கு, எந்த நேரத்தில் ஏறியது என்று சொல்லக்கூடிய ஆள் அதன் பக்கத்திலேயே நிற்பார்.

கடலுக்குப் போக நினைக்கும் புதியவர்கள் முதலில் விசாரிப்பது ரீல் விலை, அடுத்தது படகு வாடகை. நேற்று என்ன மீன்பாடு என்று யாரும் கேட்பதில்லை. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். நாளை எங்கே போவது, என்ன தூண்டில் கட்டுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, போகலாமா வேண்டாமா என்பது உள்பட எல்லாம் அந்த ஒரு பதிலிலிருந்து பிறக்கும்.

கரையில் முதலில் மீனின் வாயைப் பாருங்கள். உதட்டோரம் கிழிந்திருந்தால் தூண்டில் மீன். செவுளுக்குப் பின்னால் உடம்பைச் சுற்றிக் கோடு விழுந்திருந்தால் செவுள்வலையில் மாட்டியது. உடம்பில் அங்கங்கே செதில் உரசிப் போய், கூடவே ஓராவும் கிளிமீனும் கலந்து கிடந்தால் கூட்டில் விழுந்தவை. இங்கே மூங்கிலிலும் கம்பியிலும் கட்டிய கூடுகளைப் பார் எனப்படும் கடலடிக் கல் திட்டின் ஓரத்தில் இறக்கி வைப்பது பழைய தொழில். ஓரா அதிகம் என்றால் ஆழம் குறைந்த, கடற்புல் உள்ள இடம். அது உங்கள் இடம் அல்ல. நீங்கள் தேடுவது தூண்டில் மீன். விளமீனும் கலவாவும் சேர்ந்து வந்தால் பிடித்தவர் பாருக்குப் போயிருக்கிறார். சீலாவும் சூரையும் வந்திருந்தால் மேல்தண்ணீரில் ஓடியிருக்கிறார். பாறை மீன் மட்டும் வந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓரம் பிடித்திருக்கிறார்.

அடுத்தது வயிறு. ஏலம் முடிந்ததும் மீன் வெட்டும் பெண்கள் கரையிலேயே குடலை எடுத்துப் போடுவார்கள். அந்தக் குடலில் அரைகுறையாகச் செரித்துக் கிடப்பதுதான் நாளைய இரை. சூடையா, கணவாயா, சின்ன நண்டா என்று குனிந்து பார்க்க வெட்கப்பட வேண்டாம். அந்தப் பெண்களே சொல்லிவிடுவார்கள், கேட்கத்தான் ஆள் இருக்காது.

கேட்கும் முறை ஒன்று உண்டு. ஏலம் நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள். வியாபாரம் முடிந்து, வலை உதறி, பீடி பற்ற வைக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

"அண்ணாச்சி, இந்த விளமீன் எத்தனை பாகத்துல பட்டுச்சு?"

"பன்னெண்டு பாகம் இருக்கும்."

"சூடை இரையா?"

"சூடையைச் சீண்டவே இல்லய்யா. கணவாய்தான் எடுத்துச்சு. அதுவும் விடியுற வரைக்கும்தான். வெயில் ஏறினதும் பூராம் கிளாத்தி."

நாளைக்குத் தேவையான முக்கால்வாசி இந்த நாலு வரியிலேயே வந்துவிட்டது. ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், ஏறத்தாழ ஆறு அடி. பன்னிரண்டு பாகம் என்றால் இருபது மீட்டருக்குச் சற்று மேல். இரை கணவாய். நேரம் விடியலுக்கு முன். வெயில் ஏறினால் இடத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிளாத்தி இரையைக் கொத்திக் கொத்தித் தின்று முள்ளை வெறுமையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தக் கிளாத்தி அண்மை ஆண்டுகளில் குமரியிலிருந்து கேரளம், கர்நாடகம் வரை பெருகிக் கிடக்கிறது. விலையும் இல்லை, சட்டியில் விருப்பமும் இல்லை, இரையை விட்டுவைப்பதும் இல்லை.

எந்த இடம் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒருவர் ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்திருக்கும் புள்ளிகள் அவருடைய சொத்து. அப்பாவும் தாத்தாவும் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் தூரத்து மலையையும் ஒன்றோடொன்று கோடு பிடித்து மனத்தில் வைத்திருந்த இடங்களைத்தான் மகன் இப்போது எண்ணாகச் சேமித்து வைத்திருக்கிறார். கேட்டால் சிரித்துக்கொண்டே தவறான திசையைக் காட்டுவார். அவர் காட்டுவது நியாயம்தான்.

மீன் பெயரில் ஒரு குழப்பம் வரும். சென்னையில் வஞ்சிரம் என்பது இங்கே சீலா, குமரிக் கரையில் நெய்மீன். சென்னைக்காரர் ஷீலா என்று சொல்வதை இங்கே ஊளி என்பார்கள். "சீலா நல்லா படுது" என்று ஒருவர் சொன்னதை நம்பி ஊளிக்கு ஏற்பாடு செய்துகொண்டு வருபவர்கள் உண்டு. சந்தேகமாக இருந்தால் மீனைக் கையால் தொட்டுக் காட்டிக் கேளுங்கள்.

ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு மூன்று நாள் ஒரே மீன் ஒரே அளவில் வந்தால் அந்தக் கூட்டம் அங்கே நிற்கிறது என்று பொருள். முதல் நாள் பெரியது, மறுநாள் நடுத்தரம், மூன்றாம் நாள் கைப்பிடி அளவு என்று குறைந்துகொண்டே போனால் அந்தப் பாரை எல்லோருமாகச் சேர்ந்து காலி செய்துவிட்டார்கள். அங்கே போவதில் பயன் இல்லை.

கரை பார்க்கப் போவதற்கு நல்ல நாள் சனிக்கிழமை. இந்தப் பக்கத்துப் பரதவர் ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை படகுகள் திரும்பிவிடும், கூட்டமும் விலையும் அன்றைக்குத்தான் உச்சம். ஞாயிற்றுக்கிழமைக்குப் படகு கேட்டு ஒரு வள்ளக்காரரைச் சங்கடப்படுத்தாதீர்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஞாயிறுதான் வசதி என்பது புரிகிறது. வசதியைக் கொஞ்சம் நகர்த்தி வெள்ளிக்கிழமைக்கு வையுங்கள்.

காற்றும் மாதமும்

மன்னார் வளைகுடாவில் மாதத்தைக் காலண்டரில் பார்ப்பதைவிடக் காற்றில் பார்ப்பது மேல். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். புதியவருக்கு நல்ல காலம் தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வாடை தளர்ந்து, தண்ணீர் தெளியத் தொடங்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல நாட்கள் இடையிடையே வரும், ஆனால் அவற்றை நம்பி ரயில் டிக்கெட் எடுக்க முடியாது.

எச்சரிக்கை தேவைப்படுவது கச்சான் காலத்தில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரத்தில் நின்று பார்த்தால் அலையே இருக்காது. இவ்வளவு அமைதியான கடலுக்கா போகக் கூடாது என்கிறார்கள் என்று தோன்றும். ஓடத் தொடங்கி நாலைந்து மைல் தள்ளிய பிறகுதான் வெள்ளை நுரை தெரியும். போகும்போது காற்று முதுகில் தள்ளுவதால் சுகமாக இருக்கும். திரும்பும்போது அத்தனையும் முகத்தில். எரிபொருள் இரண்டு மடங்கு தின்னும், எஞ்சின் நின்றுபோனால் படகு இலங்கை இருக்கும் திசையில் நகரும். அந்த மாதங்களில் சம்மாட்டி போக வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். சம்மாட்டி என்றால் இங்கே படகு உரிமையாளர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு கரையும் இருப்பதால் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேதி மாறும். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப் படகுகள் கரையோரம் தொழில் செய்யும். ஆனாலும் அந்த இரண்டு மாதம் அவர்களுக்கு மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற காலம். உங்களை ஏற்றிக்கொண்டு சுற்ற யாருக்கும் நேரம் இருக்காது, இருக்கவும் கூடாது.

கடலின் நிலை பற்றிய தகவலுக்கு ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் நாள்தோறும் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பைப் பாருங்கள். அதே நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் கணித்து, மீன் கூடக்கூடிய இடங்களையும் அறிவிக்கிறது. மேக மூட்டமான நாட்களில் அந்த அறிவிப்பு வராமலும் போகலாம். சூரை போன்ற மேல்தண்ணீர் மீனுக்கு அது உதவும். பாரில் நிற்கும் விளமீனுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, அதற்குத் தெரேஸ்புரம்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் என்ற ஒன்றையும் கவனியுங்கள். காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் பொங்கிக் கரையேறும். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணப்பட்டு வந்து சேர்வதுதான் அது. ஆழத்தில் இருக்கும் படகுக்குப் பெரிதாகத் தெரியாது. கரையேறும் இடத்தில்தான் கவிழ்க்கும். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு, பெரியதாழைப் பக்கம் அலை உடைந்து விழும் திறந்த கரை. அங்கே படகு இறக்குவதும் ஏற்றுவதுமே தனி வித்தை. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் தொழிலாளர்கள் பலர் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. திரும்பி வராதவர்கள் நிறையப் பேர். ஒரு நாள் பயணத்துக்கு அந்த அளவு ஆபத்து இல்லை என்றாலும், வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

படகும் ஆளும்

மீன்பிடிப் படகுக்கு மீன்வளத் துறை தரும் பதிவு மீன் பிடிக்கத்தான், வெளியாட்களை ஏற்றிச் செல்ல அல்ல. இதை மறைத்து எழுத விரும்பவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய ஆள், மிதவை அங்கி இல்லை. அதனால் முதலில் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள், தூண்டில் பயணத்துக்கு அனுமதியோடு படகு ஓட்டுபவர்கள் இருக்கிறார்களா என்று. ஆதார் அசலைக் கையில் வைத்திருங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் படகை நிறுத்திப் பார்ப்பது சாதாரணம்.

பைபர் படகானாலும் வள்ளமானாலும் பார்க்க வேண்டியவை சில. எஞ்சின் இரண்டா, ஒன்றா? ஒன்றுதான் என்றால் கூடவே இன்னொரு படகு போகிறதா? மிதவை அங்கி தலைக்கு ஒன்று உண்டா, அது உங்கள் உடம்புக்குச் சேருகிறதா? விஎச்எஃப் கருவி வேலை செய்கிறதா? பதினாறாம் சேனல்தான் ஆபத்துக்கான சேனல். கைப்பேசி எட்டும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே பதிந்துகொள்ளுங்கள்.

வாடகை பேசும்போது எரிபொருள் யார் கணக்கு, ஐஸ் யார் கணக்கு, இரை யார் கணக்கு, பிடித்த மீன் யாருக்கு என்ற நான்கையும் வாய்விட்டுப் பேசுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், கரைக்கு வந்ததும் அதில்தான் மனக்கசப்பு வரும். மீன் படாத நாளில் வாடகை குறையாது. அவர் அன்றைக்குத் தன் தொழிலை விட்டுவிட்டு உங்களோடு வந்திருக்கிறார்.

போகக் கூடாத இடங்கள்

தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் இவற்றைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு, காசுவார், காரைச்சல்லி. நான்காவதான விலாங்குச்சல்லி நீருக்குள் மூழ்கிவிட்டது. வான் தீவும் கரைந்து சுருங்கிவந்தது, கடலடியில் செயற்கைத் திட்டுகள் இறக்கித் தடுத்து நிறுத்திவருகிறார்கள். இந்தத் தீவுகளில் அனுமதியின்றி இறங்குவது குற்றம். அவற்றைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகளில் தூண்டில் போடுவதும் வேண்டாம். உயிருள்ள பவளமே வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஒரு துண்டு கையில் இருந்தாலே வழக்கு. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. அப்படி அடிபட்ட இடத்தில் மீன் கூடுதலாகப் படுகிறது என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

நாம் போக வேண்டியது தீவுகளைத் தாண்டி வெளியே உள்ள கல் பார்கள். முத்துக் குளித்த காலத்திலிருந்து பெயர் உள்ளவை பல. தோலாயிரம் பார் அதில் ஒன்று. முத்துக் குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை, பாரின் பெயர்கள் மட்டும் தூண்டில்காரர் வாயில் இன்னும் ஓடுகின்றன.

ராமேஸ்வரம் பக்கம் தூண்டில் பயணம் கேட்பவர்களுக்கு ஒரே பதில், வேண்டாம். 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த இந்திய, இலங்கைக் கடல் எல்லை அங்கே மிக அருகில் ஓடுகிறது. நீரோட்டம் இழுத்துக் கொண்டுபோய்விட்ட மீனவர்களே சிறையில் இருக்கும்போது, பொழுதுபோக்குக்கு அந்தப் பக்கம் போவது அறிவீனம்.

பாரில் தூண்டில்

கருவி எளிமையாக இருக்கட்டும். கைத்தூண்டிலே போதும். 0.6 முதல் 0.8 மி.மீ. தடிப்புள்ள தங்கூஸ் நரம்பு நூறு மீட்டர், அடியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே இரண்டு கிளை, கிளைக்கு ஒரு முள். ரீலும் பிரெய்டும் வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கொண்டுவரலாம், ஆனால் பாரில் முதல் நாள் கைத்தூண்டில் கற்றுத் தருவதை ரீல் கற்றுத் தராது. விரலில் நரம்பு ஓடும்போது ஈயம் கல்லில் தட்டுகிறதா, மணலில் உட்காருகிறதா என்பது தெரியும். கல் என்றால் 'டொக்' என்று கேட்பதுபோல விரலில் உணரலாம். மணல் என்றால் சத்தமில்லாமல் அமுங்கும். மீன் நிற்பது இரண்டும் சேரும் ஓரத்தில்.

நங்கூரம் போடும் இடத்தை ஓட்டுபவர் முடிவு செய்வார். நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, பாருக்கு மேலோட்டத்தில் நிறுத்தி, நரம்பு சாய்ந்து போய் ஓரத்தில் உட்காரும்படி விடுவார். இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அதனால் கரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அடியில் ஓட்டம் பிடித்து இழுக்கும். அப்போது ஈயத்தின் எடையைக் கூட்ட வேண்டும். ஓட்டம் அறவே நின்றுபோனால் மீன் வாய் திறக்காது. மறுபடி ஓட்டம் மாறும் அரைமணி நேரத்தில்தான் தொடர்ச்சியாகப் படும். அந்த நேரத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

விளமீன் கொத்தும்போது இரண்டு தட்டு தட்டிவிட்டு இழுக்கும். முதல் தட்டிலேயே வெட்டி இழுப்பவருக்கு முள் வெறுமையாக வரும். கலவா அப்படி அல்ல. ஒரே விழுங்கு, உடனே பொந்துக்குள் திரும்பும். முதல் இரண்டு பாகத்தைத் தயங்காமல் இழுத்து அதைக் கல்லைவிட்டுக் கிளப்ப வேண்டும், இல்லையென்றால் நரம்பு கல்லில் அறுந்துவிடும். கையில் துணி உறையோ ரப்பர் விரலுறையோ இல்லாமல் இதைச் செய்தால் சதை வெட்டுப்படும்.

ஆழத்திலிருந்து ஏற்றிய கலவாவைத் திரும்ப விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றுப்பை ஊதி வாய்வழியே இரைப்பை வெளியே தள்ளியிருக்கும். அதைத் தண்ணீரில் விட்டால் மேலேயே மிதந்து சாகும். அதனால் தேவைக்கு மேல் பாரில் பிடிக்காமல் நிறுத்திக்கொள்வதுதான் நல்ல வழி. இன்னொன்று, கலவா பெண்ணாகத் தொடங்கிப் பெரிதான பின் ஆணாக மாறும் இனம். பெரியதை மட்டுமே குறிவைத்து எடுத்துக்கொண்டே போனால் அந்தப் பாரில் ஆணே மிஞ்சாது. போட்டோவுக்காகப் பெரிய கலவா தேடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சீலாவுக்கு ஓட்டம்

சீலா அடியில் நிற்காது. ஓடும் படகின் பின்னால் இழுப்புத் தூண்டில்தான் அதற்கு. மணிக்கு ஐந்தாறு கடல்மைல் வேகத்தில் பார் ஓரமாக ஓட்டிக்கொண்டு, இரண்டு நரம்பை வெவ்வேறு நீளத்தில் விட வேண்டும். ஒரே நீளத்தில் விட்டால் திரும்பும்போது இரண்டும் பின்னிக்கொள்ளும். முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டாமல் விடாதீர்கள். சீலாவின் பல் நரம்பை ஒரே கடியில் அறுத்துவிடும். பொம்மை மீன் நன்றாக வேலை செய்யும். வேலை செய்யாத நாளில் ஒரு முழுச் சூடையோ காணாங்கெளுத்தியோ உயிரோடு கோத்து மெதுவாக ஓட்டினால் எடுக்கும்.

விடிந்து ஒரு மணி நேரமும் பொழுது சாயும் ஒரு மணி நேரமும்தான் சீலாவுக்கு. நடுப்பகலில் ஆலாப் பறவைக் கூட்டம் ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் கீழே சூடைக் கூட்டம், அதன் கீழே சூரையோ பாறையோ இருக்கும். கூட்டத்தின் நடுவே படகை ஓட்டாமல் ஓரமாகச் சுற்றச் சொல்லுங்கள். நடுவே ஓட்டினால் கூட்டம் அமுங்கிவிடும், பக்கத்துப் படகுக்காரர் திட்டுவார்.

எப்போதாவது மயில்மீன் வரும். முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே எழும்பும்போது படகில் எல்லோரும் கத்துவார்கள். இங்கே அதை உணவாக விற்கிறார்கள், சட்டத் தடை இல்லை. என் விருப்பம், கம்பியை வெட்டி விட்டுவிடுவது. ஐஸ் பெட்டியில் அடங்காத மீனை வெயிலில் போட்டுக் கெடுப்பதற்கு அது மேல்.

மீன் ஏறிய பிறகு

திருக்கை ஏறினால் படகுக்குள் இழுக்காமல் வெளியிலேயே நரம்பை வெட்டுங்கள். வால் முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும், விஷம் சூட்டில் முறியும். பிறகு ஆஸ்பத்திரி கட்டாயம். கெளிறு முள்ளுக்கும் இதுவேதான். பேத்தை ஊதிக்கொண்டு வந்தால் வேடிக்கை பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

சட்டம் தொடவே கூடாது என்பவை தனி. ஆமை, ஆவுளியா எனும் கடல்பசு, கடல்குதிரை, கடல் அட்டை, திமிங்கலச் சுறா, வேளா, உளுவை. தவறுதலாக மாட்டினாலும் விடுவித்துவிட வேண்டும். அட்டைக்காகச் சிறை போனவர்கள் இந்தக் கரையில் உண்டு. கரையில் யாராவது ஒரு பொட்டலத்தைக் கொடுத்து ஊரில் சேர்த்துவிடச் சொன்னால் வாங்காதீர்கள்.

சின்னதைத் திரும்ப விடுங்கள். சீலா ஒரு முழத்துக்குக் குறைவாக இருந்தால் அது இன்னும் முட்டையிட்டிருக்காது. அது மேல்தண்ணீரில் ஏறியது, பிழைக்கும்.

மீனுக்குச் சமமான எடை ஐஸ் தேவை. பலர் பாதிதான் கொண்டுவருகிறார்கள். சூரையும் காணாங்கெளுத்தியும் வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தாலே ஹிஸ்டமின் ஊறத் தொடங்கும். பிறகு எத்தனை கொதி கொதித்தாலும் அது போகாது, தின்றவருக்கு முகம் சிவந்து அரிப்பும் வாந்தியும் வரும். சூரையை ஏற்றியவுடன் செவுளை வெட்டி ரத்தம் வடித்து, ஐஸும் கடல் தண்ணீரும் கலந்த பெட்டியில் முழுக்குங்கள்.

கடல் மயக்கம் வருபவர்கள் முந்தைய இரவு பரோட்டா, பிரியாணி தவிர்த்து, காலையில் இரண்டு இட்லியோடு கிளம்பலாம். மாத்திரை போடுபவர்கள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் அது கடலுக்குத்தான் போகும். கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். எஞ்சின் புகை முகத்தில் அடிக்காத பக்கம் உட்காருங்கள்.

கரைக்கு வந்ததும் படகைக் கழுவ ஒரு கை கொடுங்கள். மீனைப் பங்கு பிரிக்கும்போது படகு ஆட்களுக்கு முதலில், அதுவும் குழம்புக்கு ஆகும் நல்ல மீனாக. வீட்டுக்கு எடுத்துப் போவது நாலைந்து கிலோவைத் தாண்டினால் மீதியைக் கரையிலேயே ஏலத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லலாம். பணம் சம்மாட்டிக்குப் போகட்டும். பிறகு ஒரு சின்ன நோட்டில் தேதி, காற்று, எத்தனை பாகம், அடி கல்லா மணலா, இரை, எந்த நேரம் எது பட்டது என்று எழுதுங்கள். படாத மீனையும் எழுத வேண்டும், எந்த இரையைச் சீண்டவில்லை என்பதும் தகவல்தான். மறுநாள் கரையில் யாராவது புதியவர் வந்து, "அண்ணே, நேத்து என்ன பட்டுச்சு?" என்று கேட்டால், இடத்தைத் தவிர மற்றதையெல்லாம் சொல்லுங்கள்.